கைப்பிரேக் போடாதீர்கள்

செந்தூலில் எங்கள் புளோக்குக்கு மாடி பதினேழு,
மாடிக்கு வீடு இருபது,
வீட்டுக்கு எத்தனை தலை என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.
வண்டி நிறுத்தக் கோடு போட்ட இடம் நூற்றுப் பன்னிரண்டு.
மிச்சத்தை நாங்கள் தள்ளிக்கொள்கிறோம்.

தள்ளிக்கொள்கிறோம் என்றால்
உண்மையாகவே தள்ளுகிறோம்.
குறுக்கே விடுகிறவர்
கியரை நடுவில் வைத்து
கைப்பிரேக்கை இறக்கிவிட்டு
முன்கண்ணாடியோரம் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டு
மேலே போய்த் தூங்கலாம்.
எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம்.
மீறினால் வைப்பர் இரண்டும் நிமிர்ந்து நிற்கும்.
மறுமுறை மீறினால் என்ன ஆகும் என்பதை
நான் சொல்வதற்கில்லை.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
ஐந்தேகாலுக்கு என் வேன் வெளியே வந்தாக வேண்டும்.
பதினோரு வருடமாக இந்தச் சனத்தை
முகத்தால் அல்ல, பம்பரால் அறிந்தேன்.
லிப்டில் என் தோளை இடித்து நிற்கிறவர் யாரோ,
அவர் வெள்ளைக் கான்சிலின் பின்விளக்கு உடைந்த நாள்
எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கக் ரொஸ்னா மூன்றாம் மணியில் எடுத்துவிடுவாள்.
மாஆஃப், மாஆஃப் என்று
துடோங்கைச் சரித்துப் போட்டபடி கிளம்புவாள்.
பதினான்காம் மாடி, ஓடுவது ஒரே லிப்டு.
அவள் வந்து சேர்வதற்குள்
அவளுடைய மைவியைத் தள்ளி முடித்து
நாங்கள் கை துடைத்துக்கொண்டிருப்போம்.
திரு. லாவ் எழுதிவைத்த எண்ணில்
கடைசி இலக்கம் வெயிலில் அழிந்துபோயிற்று.
பூச்சியத்திலிருந்து ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்ததில்
கிளாங்கில் ஒரு மீன் வியாபாரி எனக்குப் பழக்கமானார்.
அந்த நேரத்தில் திட்டாமல் பேசியவர் அவர் ஒருவர்தான்.

தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.
நேப்பாளத்துக் காவலாளி பிரேம் இருக்கிறான்.
இரவு வேலை முடிந்து வரும் தாதி புவனமலர்
ஒரு கையால்தான் தள்ளுவாள்,
மறுகையில் ரொட்டி சானாய்.

போன செவ்வாய் ஒரு நீல சாகா.
எண் இருந்தது. அழைத்தேன்.
மணி காருக்குள்ளேயே அடித்தது.

பின்சீட்டில் முழங்காலை மடக்கி,
துணிப்பையைத் தலைக்கு வைத்து
ஒன்பதாம் மாடி இருதயநாதன்.
விருட்டென்று எழுந்து
சட்டைப் பொத்தானைத்தான் முதலில் போட்டார்.
கண்ணாடியை இறக்கி,
நான் கேட்காததற்குப் பதில் சொன்னார்:
"மகளுக்கு எஸ்.பி.எம். உள்ளே எட்டுப் பேர்.
நான் குறட்டை விடுவேன்."
பிறகு காரை எடுத்தார்.
எடுத்து எங்கே போவார்,
சுற்றிச் சுற்றி அதே வரிசைக்கு வந்தார்.

மறுநாள் நான் அழைக்கவில்லை.
புவனமலரிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.
அவள் ரொட்டியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு
முதல்முறையாக இரண்டு கையையும் கொடுத்தாள்.
கைப்பிரேக் இறங்கித்தான் இருந்தது,
ஒழுங்கான மனிதர்.
இரண்டு விரற்கடை திறந்திருந்த கண்ணாடி வழியே
குறட்டை வந்தது.
சும்மா சொல்லக்கூடாது,
எட்டுப் பேருக்கு நடுவில் விடக்கூடிய குறட்டை இல்லை.

டயருக்கடியில் ஒரு கல் நொறுங்கியபோது
மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம்.
அவர் புரண்டு படுத்தார்.
நாங்கள் ஒரு மனிதனின் தூக்கத்தை
நான்கு அடி நகர்த்தி வைத்தோம்.

வேன் வெளியே வந்தபின்
பிரேம் மெதுவாகக் கேட்டான்,
திரும்பப் பழைய இடத்திலேயே விட்டுவிடலாமா,
எழுந்து பார்த்துக் குழம்பமாட்டாரா என்று.

மாட்டார்.
இங்கே யாரையும்
நான்கு அடிக்கு மேல் நகர்த்த இடமில்லை.